தடித்த கம்பளியில் நான்கு ஆண்டுகள்

எங்கள் கடலோர ஊரான ஸ்காவ்நெஸில் ஓட்ருனைப் பிடிக்கும் என்று வாய் திறந்து சொன்னவர் யாரும் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, உள்ளூர்ப் பத்திரிகையில் புள்ளிவிவர வரைபடம் போடும் வேலை. அந்த வேலையோடு நின்றிருக்கலாம். இவளோ, எவர் வரைந்த கோட்டைக் கண்டாலும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனாள். விற்பனை இரண்டு மடங்கானது என்று மீன் பண்ணைக்காரர்கள் ஒரு விளம்பரம் போட்டார்கள். சின்ன சால்மன் ஒன்று, பெரிய சால்மன் ஒன்று. பெரியதை நீளத்திலும் இரட்டித்து, உயரத்திலும் இரட்டித்துவிட்டார்கள், பார்ப்பவன் கண்ணுக்கு நான்கு மீன் தெரிகிறது என்று அடுத்த வாரமே பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டாள். தேவாலயக் கூரை நிதிக்குப் பாதிரியார் வட்டப்படம் போட்டார். துண்டுகளைக் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது என்று வாஃபிள் பலகாரம் பரிமாறிய மேசையிலேயே வைத்து அவரை மடக்கினாள். பாவம் மனிதர், வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

"இந்தப் பொம்பளைக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று ஊர் முணுமுணுத்தது. அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்தால் என்ன?

அப்படிப்பட்டவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட இந்த ஊருக்கு ஒரு காலம் வந்தது. மாவட்டச் சுகாதார வாரியம் எங்கள் பிரசவ விடுதியை மூடப்போவதாக அறிவித்தது. கூடவே ஒரு வரைபடம். ஆண்டுக்கு ஒரு தூண், கடைசித் தூண் முழங்கால் உயரத்துக்குக் குறுகிக் கிடந்தது. ஊரில் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டோம் என்று யாரும் நம்பிவிடுவார்கள். ஓட்ருன் ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். தூண்களைப் பூஜ்யத்திலிருந்து எழுப்பாமல் நூற்று நாற்பதிலிருந்து எழுப்பியிருந்தார்கள். நூற்றுத் தொண்ணூறு பிறப்பு நூற்று அறுபதாகக் குறைந்ததற்கு இத்தனை ஒப்பாரி! பூஜ்யத்திலிருந்து வரைந்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "அடியை வெட்டினால் எந்த மரமும் குட்டைதான்" என்று கீழே எழுதினாள். பேக்கரிக்காரன் அவளிடம் காசு வாங்க மறுத்தான். பல வருடமாக முகம் கொடுத்துப் பேசாத தங்கை மாக்னில்ட் நடுத்தெருவில் கட்டிப்பிடித்தாள்.

மாக்னில்ட்தான் போராட்டக் குழுவின் தலைவி. வாரிய இயக்குநர் ஊருக்கு வரும் நாளில் மண்டபச் சுவர் முழுக்க ஒரு பின்னல் தொங்க வேண்டும் என்று அவள் ஏற்பாடு செய்தாள். ஒரு பிறப்புக்கு ஒரு வரிசை, ஒரு ஆண்டுக்கு ஒரு நிறப் பட்டை. பெற்றவளே தன் பிள்ளைக்குரிய வரிசையைப் பின்ன வேண்டும். வரைபடம்தான் அது, கம்பளியில். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் தொங்கவிட்டார்கள். ஓட்ருன் வந்து தொட்டுப் பார்த்தாள். விரல் பட்டதுமே முகம் மாறியது.

"மாக்னில்ட், இந்தக் கடைசி நாலு பட்டையும் தடிக் கம்பளி."

"ஆமா. நாள் பத்தல. தடி நூலு, தடி ஊசின்னா சட்டுனு முடியும். நீயும்தான் பின்னுவியே, தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன். பிள்ளை குறைஞ்ச வருஷமெல்லாம் பட்டை அகலமா தெரியுது. பாக்குறவன் பிறப்பு ஏறிக்கிட்டே போகுதுன்னு நினைப்பான்."

"நினைக்கட்டுமே. நல்லதுதானே?"

"வாரியம் பண்ணினா பித்தலாட்டம், நாம பண்ணினா பின்னலா? பிரிச்சிடு. நானே உக்காந்து மெல்லிசு நூல்ல பின்னித் தரேன்."

சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாக்னில்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பிரிக்கிறதா? இதுல ஒவ்வொரு வரிசையும் ஒருத்தி பெத்த பிள்ளை அக்கா. அவ கையால போட்டது. அதைப் பிடிச்சு இழுத்து உருண்டையா சுத்துவியா நீ? பெத்திருந்தா தெரியும் உனக்கு!"

"பெத்தவளுக்கு மட்டும் அகலம் பாக்கத் தெரியாதா?" ஓட்ருனும் விடவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. பெத்திருந்தா என்ற அந்தச் சொல் சுருக்கென்று தைத்துவிட்டது.

"என் பொண்ணு சீலியே மார்ச்சுல பெறப் போறா. இதை மூடிட்டா ஃபெர்ரி ஏறி அந்தக் கரை ஆஸ்பத்திரிக்குப் போகணும். புயல்ல ஃபெர்ரி நின்னா என்ன பண்ணுவா? உன் நாக்கை அடக்கிக்கிட்டு இரு. இந்த ஒரு தடவையாவது."

"நானா வலியப் போய் வாயைத் திறக்க மாட்டேன். போதுமா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கூட்டத்தன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. இயக்குநர் ஹால்வார்ட் எங்கள் காபியைக் குடித்து, பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிளைத் தின்று, பின்னலை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். புகழ்ந்துகொண்டே கடைசிப் பட்டையை விரலால் நிமிண்டிப் பார்த்தார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவராம், படுபாவி. அவர் கண் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஓட்ருனைத் தேடிப் பிடித்தது.

"எங்க படத்தைத் திருத்தினது நீங்கதானே? இதையும் நீங்களே சொல்லுங்க. இது சரியா?"

பக்கத்தில் சீலியே வயிற்றைப் பிடித்தபடி, "பெரியம்மா, வேண்டாம்," என்றாள் மெதுவாக.

சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஊரே அதற்காகத்தான் காத்திருந்தது. ஓட்ருன் எழுந்தாள்.

"தப்பு. ஆனா உங்க படம் இதைவிடப் பெரிய தப்பு. ரெண்டுமே எண்ண வேண்டியதை எண்ணல. எத்தனை பிள்ளை பிறந்ததுங்கிறதா கேள்வி? போன குளிர்காலம் ஃபெர்ரி எத்தனை நாள் நின்னுச்சுன்னு வரைஞ்சு கொண்டு வந்திருக்கேன். இதைப் பாருங்க, அப்புறம் மூடுங்க!"

அவர் தாளை வாங்கினார். பார்க்கவில்லை, நான்காக மடித்து, "கோப்புல சேர்த்துக்கறோம்," என்று பைக்குள் வைத்தார். மறுவாரம் வாரியத்தின் முடிவு வந்தது. ஊர்க் குழு காட்டிய புள்ளிவிவரம் தவறானது என்று உள்ளூர் நிபுணரே ஒப்புக்கொண்டார் என்று அதில் ஒரு வரி. அவள் பேசியதன் தலையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். விடுதி மூடப்பட்டது.

அதன் பிறகு ஊர் அவளை என்ன பாடு படுத்தியது என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பேக்கரியில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கார்க் கண்ணாடியில் யாரோ மீன் குடலை அப்பினார்கள். வாரியத்துக்காரனை ஒன்றும் செய்ய முடியாதவர்கள் கைக்கு எட்டியவளைக் கரித்துக் கொட்டினோம். மார்ச் மாதம் புயலில் ஃபெர்ரி நின்றது. சீலியேயின் மகள் துறைமுகத்தில் ஃபெர்ரிக்குக் காத்து நின்ற வரிசையில், ஆம்புலன்சுக்குள் பிறந்தாள். தாய்க்கு ரத்தம் நிற்காமல் போய், ஹெலிகாப்டர் வந்து, மயிரிழையில் பிழைத்தாள். குழந்தையின் படத்தை மாக்னில்ட் ஊரில் எல்லோருக்கும் அனுப்பினாள், அக்காவைத் தவிர.

அடுத்த வசந்தத்தில் வாரியத்தின் ஆண்டறிக்கை வந்த அன்று, மாக்னில்ட் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓட்ருனின் சமையலறைக்குள் நுழைந்து அறிக்கையை மேசையில் எறிந்தாள்.

"வழியில பிறந்த பிள்ளைங்க, மாற்றம் இல்லைன்னு போட்டிருக்கான். ஒரே சமமான கோடு. எங்க என் பேத்தி? இதுல எங்க இருக்கா?"

ஓட்ருன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். இந்த முறை அவர்கள் எதையும் வெட்டவில்லை. பூஜ்யத்திலிருந்தே தொடங்கி, மாவட்டத்தில் நடந்த எல்லாப் பிரசவத்துக்கும் சேர்த்து உயரத்துக்கு ஆயிரக்கணக்கில் அளவு வைத்திருந்தார்கள். வழியில் பிறந்த, விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளின் கோடு தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது.

"இருக்கா," என்று கோட்டின் கடைசி நுனியில் விரலை வைத்தாள். "இதோ, இங்க. தெரியாதபடி நசுக்கி வச்சிருக்காங்க."

மாக்னில்ட் குனிந்து அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"தெரியற மாதிரி வரை," என்றாள். "நாளைக்குப் பத்திரிகையில வரணும்."

"உக்காரு, காபி போடறேன்."

"காபி குடிக்க வரல. உன்னை நான் மன்னிக்கவும் இல்ல. வரை முதல்ல."

ஓட்ருன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். மாக்னில்ட் மேல்கோட்டைக் கழற்றாமல், உட்காராமல், அவள் வரைந்து முடிக்கும் வரை தோளருகிலேயே நின்றாள்.