டிரெசரை வரவழைத்த காய்ச்சல்

மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்காக மலாக்காவின் காஜா பேராங் சாலையில் கொடிகள் கட்டத் தொடங்கியிருந்த நாட்களில், எங்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவருக்கும் அடிக்கடி உடம்பு முடியாமல் போயிற்று. எதிர்வீட்டு அத்தைக்கு வயிற்றுவலி. பக்கத்துவீட்டு மக்சிக்குக்குக் கால் பிசகல். மக்சிக் என்றால் மலாயில் அத்தை; இவர் மலாக்கா செட்டி சமூகத்தவர். சாமி கும்பிடுவது எங்களைப் போல, பேசுவது மலாய். ஒரு ரம்புத்தான் கிளை யார் வீட்டுக்குச் சொந்தம் என்ற தகராறில் நெடுநாள் முகம் பார்க்காமல் இருந்த இவர்கள், என் சித்திக்காக ஒன்று சேர்ந்திருந்தார்கள்.

சித்தி, அம்மாவின் தங்கை. பெற்றோர் இல்லாததால் எங்களோடு இருந்தாள். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. புக்கிட் ரம்பாயில் மளிகைக்கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கொடுப்பதென்று அப்பா ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது கடைக்காரரின் ஒரே நிபந்தனை. ஆதரித்து வளர்த்த அக்காள் கணவரை எதிர்த்துப் பேசச் சித்திக்கு வாய் வரவில்லை.

அக்கம்பக்கத்தார் மனத்தில் இருந்தவர் ஆஸ்பத்திரி டிரெசர். வேலை முடிந்து எங்கள் தெரு வழியாகத்தான் சைக்கிளில் போவார். மருந்து கட்டுவதிலும் ஊசி போடுவதிலும் கெட்டிக்காரர். ஆனால் மகா கூச்சம். யாருக்காவது நோய் என்றால் மட்டுமே இறங்குவார். அதனால்தான் அத்தனை நோய்கள். ஒவ்வொரு முறையும் வெந்நீர் கொண்டுவரச் சித்தியைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் வெந்நீரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள்.

வியாழக்கிழமை மாலை இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ பூரா பூரா சாக்கிட்," என்றார் மக்சிக்.

"காய்ச்சல் வந்த மாதிரி நடிக்கச் சொல்றாங்க. பேசாம படுத்துக்கோ லா. சித்தி நல்லா இருக்கணுமா வேணாமா?" என்றார் அத்தை. சூடு ஏற என் அக்குளில் ஒரு வெங்காயத்தையும் செருகினார்.

டிரெசர் வந்து உட்கார்ந்ததும் அவர் மூக்கு சுருங்கியது. ஆனாலும் முகம் மாறாமல் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். சித்தி வெந்நீரோடு நின்றிருந்த வரையில் நாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு மாத்திரையெல்லாம் கேக்காது," என்றாள் சித்தி திடீரென்று. "ஊசி போடுங்க. பெரிய ஊசியா."

டிரெசர் பெட்டியைத் திறந்தார். ஊசியைக் கண்டதும் நான் துள்ளி எழுந்தேன். வெங்காயம் உருண்டு அப்பாவின் காலடியில் போய் நின்றது.

"எனக்குக் காய்ச்சலே இல்ல! இவங்கதான் படுக்கச் சொன்னாங்க! டிரெசர் மாமாதான் சித்தியக் கட்டிக்கணுமாம்! அந்தக் கடைக்காரர் வரக்கூடாதாம்!"

கால் பிசகிய மக்சிக்தான் முதலில் வேலி தாண்டினார். வயிற்றுவலி அத்தை பின்னாலேயே ஓடினார்.

"என்ன தம்பி இது?" என்றார் அப்பா.

டிரெசரின் காதுகள் சிவந்துவிட்டன. ஊசியைப் பெட்டிக்குள் வைக்கவே அவருக்கு வெகு நேரம் பிடித்தது. "எனக்கு... ஆட்சேபணை இல்லீங்க," என்றார்.

அப்பா சித்தியைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

"எனக்கும் இல்ல, அத்தான். ஆனா நான் பள்ளிக்கூடத்த விடமாட்டேன். அதுக்குச் சம்மதிச்சா மட்டும் மேற்கொண்டு பேசுங்க."

"விடவே வேணாம்!" என்றார் டிரெசர். அந்த மனிதர் தயங்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதற்காக அவரே புக்கிட் ரம்பாய்க்குப் போனார். அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. அந்த யோசனை யாருடையது என்று அத்தையும் மக்சிக்கும் பந்தியிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

எனக்கோ அந்த வியாழக்கிழமை மாலை முழுவதும் அழுகை. ஒருமுறை பள்ளியில் அம்மை குத்த வந்தபோது, ஊசிக்குப் பயந்து, வீட்டு விஷயங்களில் யாரும் கேட்காததையெல்லாம் நான் கொட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் சித்தி. அப்படிப்பட்டவள், அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஏன் ஊசி போடச் சொன்னாள் என்று யோசிக்கும் வயதில்லை எனக்கு. அவளுக்கு என்மேல் ஏதோ கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.