டீக்கடை வாசலில் ஒரு மணல் டின்

நல்லது என்று நம்பி நாம் செய்த ஒன்றுக்கு, அதைச் செய்யாத ஒருவர் பதில் சொல்ல நேர்ந்தால், நம்முடைய நல்லெண்ணம் அவருக்கு எந்த வகையில் உதவும்? இந்தக் கேள்வியை நான் எந்த வகுப்பறையிலும் சந்திக்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு பக்கத் தெருவில், டீக்கடை ஒன்றின் முன்னால் சந்தித்தேன்.

சமூகப்பணியில் முதுகலை முடித்து, வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கல்லூரியில் உடன் படித்த நாங்கள் ஐந்து பேர், சனிக்கிழமை காலைகளில் கையுறையும் இடுக்கியுமாக அந்தத் தெருவுக்குப் போவோம். மழைநீர்க் கால்வாயின் ஓரத்தில் கிடக்கும் சிகரெட் துண்டுகளைப் பொறுக்குவதுதான் எங்கள் வேலை. துண்டின் நுனியில் இருப்பது பஞ்சு என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பிளாஸ்டிக் இழை, மட்குவதில்லை, மழை பெய்தால் கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. இதை எடுத்துச் சொல்லத் துண்டுச்சீட்டுகளும் வைத்திருந்தோம்.

துண்டுகள் அதிகம் விழுந்த இடம், கணவரை இழந்த ஓர் அக்கா நடத்திவந்த டீக்கடையின் வாசல். தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, விற்பனைக்குச் சில சிகரெட் பாக்கெட்டுகள், கம்பத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட லைட்டர். சுற்றியிருந்த லேத் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் காலை பத்து மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் அங்கே கூடுவார்கள். ஒரு கையில் டீ, மறு கையில் சிகரெட். டீ முடிந்ததும் துண்டைக் காலால் நசுக்கிவிட்டுப் பட்டறைக்குத் திரும்புவார்கள். அந்த நசுக்கலை அவர்கள் ஒழுங்கென்றே கருதினார்கள், நெருப்பை அணைத்தாயிற்றல்லவா?

எங்களைப் பார்த்து முதலில் சிரித்தார்கள்.

"இன்னா மேடம், எம்.ஏ. படிச்சிட்டு எங்க துண்டப் பொறுக்கிகினு கீறீங்க? ஊட்டுல தெரியுமா?" என்றார் பட்டறைக்காரர் ஒருவர்.

"அவங்க பொறுக்கறாங்கன்னு நீ ரெண்டு எக்ஸ்ட்ரா பிடிக்காத, மாமே," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பொறுக்குவதால் மட்டும் தீராது என்று எங்களுக்கும் தெரிந்தது. எங்கள் ஐவரில் ஒருவனான ஆவடி நண்பன், காலி பெயின்ட் டின் ஒன்றைக் கொண்டுவந்தான். பச்சை வண்ணம் அடித்து, பாதிக்கு மணல் நிரப்பி, "சிகரெட் பிடித்தபின் துண்டை இங்கே போடவும்" என்று வெள்ளையில் அழகாக எழுதினான். அதை எடுத்துக்கொண்டு கடைக்கார அக்காவிடம் போனேன்.

"அக்கா, இத எந்தப் பக்கம் வெச்சா உங்களுக்கு எடைஞ்சலா இருக்காது?"

அவர் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். கம்பத்தாண்ட வெய்யி," என்றார்.

டின் நன்றாகவே வேலை செய்தது. முதல் வாரம் அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள், பெஞ்சில் உட்கார்ந்தபடியே துண்டை வீசி, உள்ளே விழுந்தால் "சிக்ஸர், நைனா!" என்று கத்தினார்கள். மூன்றாவது வாரம் வீசுவது நின்று, எழுந்துவந்து போடத் தொடங்கினார்கள். கால்வாய் ஓரம் வெறுமையாக இருந்தது. கூட்டுகிற வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்று அக்கா எங்களுக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார். நாங்கள் டின்னுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் அந்தத் தெருவுக்கு வந்தார். நான் அப்போது அங்கே இல்லை. நடந்ததை அக்காதான் சொன்னார். ஆய்வாளர் டின்னில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்திருக்கிறார். பெஞ்சு போட்டு ஆட்களை உட்காரவைக்கும் கடையில் யாரும் புகைக்கக் கூடாது. புகைப்பதற்கு வசதியாகச் சாம்பல் கிண்ணமோ லைட்டரோ வைப்பது தனிக் குற்றம். நாங்கள் வைத்தது சாம்பல் கிண்ணமேதான், அதுவும் எழுத்துப்பூர்வமாக. டின்னை எடுத்துக்கொண்டு, அக்கா கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஏழு நாளில் தக்க பதில் இல்லையென்றால் கடையை அகற்றுவார்கள்.

"பதினோரு வருசமா இங்க கீறேன். ஒருத்தரும் ஒரு காகிதம் குடுத்ததில்ல," என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிகரெட் நுனியின் பிளாஸ்டிக் இழையைப் பற்றி நிறையப் படித்திருந்த நான், புகையிலைச் சட்டத்தை ஒரு முறைகூடப் புரட்டிப் பார்த்ததில்லை. அன்று மாலை அதைப் படித்தேன். ஆய்வாளர் சொன்னதில் பிழையில்லை.

மறுநாள் கடிதம் எழுதினேன். டின்னை வைத்தது நாங்கள், வாசகம் எங்களுடையது, கடைக்காரருக்கு அதில் பங்கில்லை. டின்னில் எழுதிய நண்பனுக்கு அரசு வேலைக்கான காவல்துறை நன்னடத்தை விசாரணை நிலுவையில் இருந்ததால், அவனைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான். பிறகு, "டின்னுல எழுதுனது நான்தான். இதுலயும் எழுதிர்றேன்," என்று என் பெயருக்குக் கீழே ஒப்பமிட்டான்.

வார்டு அலுவலகத்தில் ஆய்வாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எங்கள் டின் அவர் மேசைக்கடியில் இருந்தது.

"நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்கீங்க, இல்லங்கல. ஆனா சட்டத்துக்கு உங்க எண்ணம் எங்கம்மா தெரியும்? டின்னுதான் தெரியும். அந்த அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டோம், சார்."

"என்னன்னு கேட்டீங்க?"

எங்கே வைக்கலாம் என்றுதான் கேட்டிருந்தேன். வைக்கலாமா என்று கேட்கவே இல்லை. அக்காவால் என் படிப்பின் முன் மறுக்க முடியாதென்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடை பிழைத்தது, நிபந்தனையோடு. சிகரெட் விற்கக் கூடாது. லைட்டரை அவிழ்க்க வேண்டும். புகைபிடிக்கத் தடை என்ற பலகையைத் தொங்கவிட வேண்டும். அக்கா மூன்றையும் செய்தார். பட்டறைக்காரர்களில் பாதிப் பேர் தெருமுனையில் இருந்த இன்னொரு கடைக்கு மாறினார்கள். சிகரெட் இல்லாத டீ அவர்களுக்கு டீயாகத் தோன்றவில்லை. துண்டுகள் இப்போது அங்கே விழுந்தன, அதே கால்வாயின் மறுமுனையில்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். குறைந்த வியாபாரத்தை ஈடுகட்டப் போண்டா போடத் தொடங்கியிருந்தார்.

"கோவம்லாம் இல்லம்மா. நீதான போய்ப் பேசி கடைய நிக்க வெச்ச? ஆனா அன்னிக்கே எதுக்கு வம்புன்னு சொல்லணும்னு நெனச்சேன். அஞ்சு பேரு ஆசையா வந்து நிக்கிறீங்க, எப்பிடிச் சொல்றது?"

மன்னிப்பு என்ற ஒரு வார்த்தையில் அவரை ஆறுதல்படுத்திவிட முடியும் என்ற எண்ணத்தோடுதான் போயிருந்தேன். அந்த வார்த்தையைச் சொல்லாமலேயே திரும்பினேன்.

எங்கள் குழு கலையவில்லை. கடை வாசல்களில் எதையும் வைப்பதை நிறுத்திவிட்டோம். புகைப்பவர்களிடமே நேராகப் போய், துண்டைப் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் அடங்கும் மூடியுள்ள காலித் தைலச் சிமிழ்களைக் கொடுக்கிறோம். சிலர் வைத்துக்கொள்கிறார்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். புதிதாக எதைச் செய்வதென்றாலும் முதலில் வார்டு அலுவலகத்தில் விசாரிக்கிறோம். அதன் பிறகு, அதனால் பாதிக்கப்படக்கூடியவரிடம் போய், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம் என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வந்து பதில் கேட்கிறோம். இதுவரை இரண்டு பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அந்த இரண்டு இடங்களிலும் நாங்கள் எதுவும் செய்யவில்லை.