பாண்டிக்கு மலை ஆகாது

ஹிப்னாடிசத்துக்கு உட்காருகிறவர்களுக்கெல்லாம் முதலில் மலையைத்தான் காட்டுவேன். சில்லென்று காற்று வருகிறது, ஏலக்காய் மணக்கிறது, ஒரு சத்தமும் இல்லை என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனால், எங்கள் போடி ஊர்க் கடைக்காரர்கள் தோள் தளர்ந்து அமைதியாகிவிடுவார்கள். பாண்டி மட்டும் வியர்த்துப்போய்க் கண்ணைத் திறந்தார்.

"மேடம், ஒரு கட்டிங் கெடைக்குமா?"

குடி நிறுத்தும் மையத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அவருக்குக் காவல் வேலை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் கை நடுக்கம் நின்றிருந்தது, குடிக்கிற ஆசை நிற்கவில்லை. அதற்காகத்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மனைவி பேச்சியம்மாள் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"கோயில்ல கயிறு கட்டியும் பாத்தாச்சு. நீங்க வசியம் வச்சாவது நிப்பாட்டுங்க. இதுக்கு மேலயும் குடிச்சா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிருவேன்."

வசியமும் இல்லை, மந்திரமும் இல்லை. உடம்பைத் தளர்த்தி, மனசை ஒன்றில் நிறுத்தி, அந்த நேரத்தில் நல்ல சொல்லை உள்ளே விதைப்பது. அவ்வளவுதான் என் தொழில்.

மறுநாள் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன். "நேத்து மலையில என்ன பாத்தீங்க?"

"பொழுது சாயிறதப் பாத்தேன். தோட்டத்து ஆளுக ஜீப்புல ஏறிக் கீழ போயிருவாக. மஞ்சு மூடிக்கிரும். பேச ஒரு நாதி இருக்காது. அப்பத்தான் பாட்டிலத் தொறப்பேன். நீங்க என்னடான்னா அதே எடத்துல கொண்டுபோய் ஒக்கார வச்சுட்டீங்களே, ஆத்தா!"

என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். பிறகு, "எங்க இருந்தா ஒங்களுக்கு நெஞ்சு லேசா இருக்கும்?" என்றேன்.

"லீவு முடிஞ்சு மேல போகையில, ஆளுகளோட ஜீப்புல. மூச்சுவிட எடமிருக்காது. பொம்பளையாளுக கத்திக்கிட்டே வருவாக. எவளோட தூக்குச்சட்டியாவது முட்டியில இடிக்கும். எனக்கு அப்படியே கண்ணு சொக்கும் மேடம்."

அமைதியான இடம் வேண்டும் என்றுதான் எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். போகட்டும் என்று ஜீப்பிலேயே ஏற்றினேன். கொண்டை ஊசி வளைவு திரும்புது, பக்கத்தாளு தோள் ஒங்க மேல சாயுது, வெத்தல வாசம் வருது என்றேன். முகம் இளகி, மூச்சு சீரானது. "சாயங்காலம் ஆசை வந்தா அந்தத் தோள நெனைங்க" என்று சொல்லிவைத்தேன். வந்த நாளெல்லாம் அதே ஜீப்புதான்.

கடைசியில் பேச்சியம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன். "என்னால பாதிதான் முடியும். மறுபடி மேல தனியா விட்டீங்கன்னா இவ்வளவும் வீண்."

"காவச் சம்பளத்த விட்டா எப்பிடிம்மா?" என்றவர், புருஷன் பக்கம் திரும்பினார். "சரி, குடிச்சுச் சாகுறதுக்கு அரைவயித்துக் கஞ்சி மேலு."

இப்போது இரண்டு பேரும் போடியிலிருந்து தினமும் ஏலக்காய் பறிக்கப் போய், சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். போன வாரம் பார்க்க வந்தார்கள். ஆசை வருகிறதா என்று கேட்டேன்.

"வராம இருக்குமா மேடம்? திரும்பி வர்ற ஜீப்புல பக்கத்துலயே இவ இருக்கா. மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சு முழங்கையால ஒரு இடி குடுப்பா."

பேச்சியம்மாள் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவருக்கு எங்கே நெஞ்சு லேசாகும் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள், கேளுங்கள்.

அவர்கள் போனதும் பாண்டி உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதே கேள்வியை எனக்கே கேட்டுக்கொண்டேன். கணவர் காலமான பிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது. கண்ணை மூடியபடி எவ்வளவோ தேடினேன், ஒரு இடமும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மையத்தைக் கூட்டிப் பெருக்கும் சரசு எட்டிப் பார்த்தாள். "மேடம், ரூமப் பூட்டட்டுமா?"

"வெரசாப் போய் என்ன பண்ணப்போற? ஒக்காரு சரசு, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருப்போம்."