பூட்டுக்காரர் சாட்சி சொல்லப் போனது

பூட்டுக்காரர் தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும் கடை அவருடையது. மாற்றுச்சாவி கேட்டு யாராவது வந்துவிட்டால் போதும், "யார் வீடு? நீங்க யாரு? வீட்டுக்காரரையே வரச் சொல்லுங்க" என்று குடைந்தெடுப்பார். பாதிப் பேர் சாவியும் வேண்டாம் சங்காத்தமும் வேண்டாமென்று அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு அவர் இழுத்து இழுத்துப் பார்ப்பதைக் கண்டு, "கதவு எங்கயும் ஓடிப் போகாது, வாங்க" என்பாள் மனைவி.

இது பிறவிக் குணமல்ல, தம்பி போட்ட சூடு. கடையில் கூடவே நின்று தொழில் பழகிய தம்பி, வாடிக்கையாளர் ஒருவரின் சாவியை அச்செடுத்து, அவர் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, அகப்பட்டு, ஜெயிலுக்குப் போனான். வெளியே வந்ததும் எல்லையைத் தாண்டிப் போனவனிடமிருந்து வருஷக்கணக்காகப் பேச்சுமூச்சில்லை. திடீரென்று ஒருநாள் போன் வந்தது.

"அண்ணா, நான்தான். கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

மலைக்கு அந்தப் பக்கம், ஒரு மரப்பட்டறையை நம்பிப் பிழைக்கும் சின்னக் குடியிருப்பு. புருஷனை இழந்த தையல்காரி ஒருத்தி சம்மதித்திருக்கிறாள். ஆனால் வெளியிலிருந்து வந்தவனுக்கு அங்கே பெண் வேண்டுமென்றால், அவனுடைய இரத்த உறவு ஒருவர் நேரில் வந்து, "இவன் நல்லவன், நான் பொறுப்பு" என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

"அங்க என்னடா வேலை பாக்கற?"

"பூட்டு வேலைதாண்ணா."

பூட்டுக்காரருக்குத் திக்கென்றது. போகாமலும் இருக்க முடியவில்லை.

எல்லைச் சாவடியில் அதிகாரி அவர் பையைக் கவிழ்த்தார். அரம், கம்பி, கொத்துக் கொத்தாய்ச் சாவி.

"யார் வீட்டத் தொறக்கப் போறீங்க?"

"தம்பிக்குச் சாட்சி சொல்லப் போறேங்க."

"சாட்சி சொல்ல அரம் எதுக்கு?"

தொழில்காரன் பையில் அரம் இல்லாமல் அவல் பொரியா இருக்கும்! என்னையேவா சந்தேகப்படுகிறான் என்று பொருமிக்கொண்டே பொறுக்கிப் போட்டுக்கொண்டார்.

இறங்கிய இடத்தில் தம்பி காத்திருந்தான். முன்நெற்றி ஏறி, உடம்பு தடித்திருந்தது. பையை வாங்கக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. தெருவில் எல்லாக் கதவிலும் ஒரே மாதிரிப் பூட்டு பதித்திருந்தது.

"எல்லாம் நான் மாட்டுனதுண்ணா."

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான், வேறென்ன. நாளைக்கு நாம் பொறுப்பென்று சொல்லி, நாளை மறுநாள் ஊரே களவு போனால்? அந்தத் தையல்காரி இன்னொரு முறை நடுத்தெருவில் நிற்பாளே, நம் வாயால்!

தம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிடப் பட்டறைக்குப் போனான். பூட்டுக்காரர் சாவியின் பல்லைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பூட்டைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் பார்த்ததோடு விட்டிருப்பார்கள். தொழில் புத்தி விடுமா? நுழைத்துத் திருப்பினார். திறந்தது. அடுத்த வீடும் திறந்தது. அடப் பாவி என்று அதற்கடுத்ததில் நுழைத்தபோது, கதவு உள்ளேயிருந்து திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண்.

"யாருய்யா நீ? திருடன், திருடன்!"

தெரு கூடிவிட்டது. ஒரு தச்சர் அவர் சட்டைக் காலரைப் பிடித்த பிடியில் தையல் விட்டது. பையைக் கொட்டினார்கள். அதற்குள் என்ன இருந்ததென்று சொல்லவும் வேண்டுமா!

"நான் திருடன் இல்ல!" என்று கத்தினார். "என் தம்பி சாவியில உங்க ஊரே தொறக்குது! அது தெரியுமா உங்களுக்கு?"

யாரும் திடுக்கிடவில்லை. தச்சர் தன் இடுப்பிலிருந்து அதே சாவியை எடுத்துக் காட்டினார்.

"எல்லார்கிட்டயும் இருக்குய்யா. ஒரு அம்மா பூட்டுன வீட்டுக்குள்ள மயங்கி விழுந்து, நாங்க கதவ ஒடைக்கறதுக்குள்ள செத்துப்போச்சு. அதான் யார் வேணா தொறக்கற மாதிரி மாட்டச் சொன்னோம். உங்க தம்பி முடியாதுன்னாரு. ஜெயிலுக்குப் போனதையெல்லாம் சொல்லி, என்னை நம்பாதீங்கன்னாரு. நாங்கதான் நம்பி மாட்டச் சொன்னோம்."

சத்தம் கேட்டுத் தம்பி ஓடி வந்தான். தச்சர் காலரை விடாமலே கேட்டார். "இவர் உங்க அண்ணன்தானா? நம்பலாமா?"

தம்பி அண்ணன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது. ஆனால் வாய் தயங்கவில்லை.

"எங்கண்ணன். நல்லவரு. நான் பொறுப்பு."

தச்சர் உடனே கையை எடுத்தார்.

"நீங்க சொல்லுங்கய்யா," என்றாள் கதவோரம் நின்றவள். "அதுக்குத்தானே வந்தீங்க? நான்தான் அந்தத் தையல்காரி."

ஊரிலிருந்து கிளம்பிய நேரம் முதல் அந்த ஒரு வரியைச் சொல்லலாமா கூடாதா என்று மனதுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டு வந்தவர் அவர். தம்பிக்கு அதே வரியைச் சொல்ல ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"நல்லவன்மா," என்றார். "என்னை விட நல்லவன். நான்... நான் பொறுப்பு."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதான். தையல்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க மாமா. சட்டையக் கழட்டிக் குடுங்க, காலரத் தைச்சுத் தர்றேன்."