மண்டிக்கு மரியாதை

காப்பியைக் குடித்ததும் சுப்பராமன் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, அடியில் தங்கியதை ஆராய்வார். ரசமென்றால் தெளிவை ஒதுக்கிவிட்டுக் கரண்டியால் அடியைத் துழாவுவார். "ஊர்ல எல்லாரும் தெளிவாக் கேப்பா, எங்காத்துல மண்டிக்குத்தான் மரியாதை" என்று அவர் மனைவி ஸ்யாமளா விருந்தாளிகள் காதில் விழும்படி சொல்வாள். விருந்தாளிகள் சிரிப்பார்கள். சுப்பராமனுக்கு அது காதில் விழாது. அவர் கவனமெல்லாம் டம்ளருக்குள் இருக்கும்.

வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு ஹைஸ்கூலில் ரசாயனம் கற்பிக்கிறார். கெட்டது தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் திரிகிறது. அதைப் பிடித்து உட்காரவைப்பதே நாகரிகம் என்பது அவர் சித்தாந்தம். இதற்கு அவர் அழைக்கும் சாட்சி ஒரு மஞ்சள் மண். ஜாரோசைட் என்று பெயர். அந்தப் பெயரை அவர் உச்சரிக்கும்போது கற்பூரம் ஏற்றாத குறைதான்.

"இரும்பு தனியா இருந்தா ஊர்சுத்தும், ஓய். சாம்பல் உப்பும் கந்தகமும் சேர்ந்து கையைப் பிடிச்சுட்டா, மஞ்சள் வேஷ்டி கட்டிண்டு மாப்பிள்ளையாட்டம் அடியில உக்காந்துடும். பக்கத்துல பாஷாணம் ஏதாவது நின்னா, அதையும் இழுத்துப் பந்தியில உக்கார வச்சுக்கும்" என்பார் என்னிடம்.

யுத்தம் வந்த பிறகு மதுரைக்குச் சீமைப் படிகாரம் வருவது நின்றுபோயிற்று. மஹாலுக்குப் பின்புறம் சாயப்பட்டறை வைத்திருக்கும் குப்பய்யருக்கு இரும்பு கலந்த நாட்டுப் படிகாரந்தான் கிடைத்தது. படிகார நீரில் தோய்த்த துணிதான் சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் இரும்பு இருந்தாலோ, சிவப்பு ஆட்டு ஈரல் நிறமாகிவிடும். பட்டறையில் வண்டியூர் மிராசுதார் வீட்டுக் கல்யாணச் சேலைகள் காத்திருந்தன. ஈரல் நிறத்தில் வந்தால் குப்பய்யரே கட்டிக்கொள்ளட்டும் என்று மிராசுதார் சொல்லியனுப்பியிருந்தார். குப்பய்யரின் கைவசம் இருந்தது ஒரு பானைப் படிகார நீர்தான். அதைக் கொண்டுபோய், இரும்பை மட்டும் பிரித்துத் தரும்படி சுப்பராமனிடம் ஒப்படைத்தார். அதே பள்ளியில் சக ஆசிரியனான நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் கொல்லையில் பானை கொதித்தது. சுப்பராமன் விறகுச் சாம்பலிலிருந்து எடுத்த உப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவினார்; கந்தகம் படிகாரத்திலேயே உண்டாம். தண்ணீர் மஞ்சளாகக் கலங்கக் கலங்க, பாதி ராகமும் பாதி ரசாயனமுமாக எதையோ பாடினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்கள். கொதிக்கும் பானையையும் பாட்டையும் கண்டு எவருக்கோ புத்திரப்பேறு என்று நினைத்திருக்கவேண்டும்.

ஞாயிறு காலை தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் மஞ்சளாக ஒரு படுகை. குப்பய்யர் உள்ளே நுழைந்தபோது சுப்பராமன் பானையை இரு கையாலும் தூக்கி, தெளிவைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார். கீழே உள்ளதைப் பார்க்க அவசரமாம்!

குப்பய்யர் பாய்ந்து பானையின் கழுத்தைப் பிடித்தார்.

"சார், அந்தத் தண்ணிதான் சார் எனக்கு வேணும். சகதி அம்புட்டும் உங்களுக்கே. ஒரு பொட்டுக்கூடக் கேக்க மாட்டேன். கையை எடுங்க."

அதற்குள் பாதி போய்விட்டது. மிச்சத்தை நெருக்கிப் போட்டால் எல்லாச் சேலைக்கும் எட்டும் என்று குப்பய்யர் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, வேறு குடத்தில் வடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே மண்டிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுப்பராமன். அவருக்குப் பின்னால் நான்.

படிகாரத்தில் தோய்ந்து காய்ந்த முகூர்த்தச் சேலை, மாலையில் சாயத்தொட்டியில் இறங்கியது. குப்பய்யர் அதைக் கழியால் தூக்கினார். ஈரல் இல்லை, கோவைப்பழம்! வெயிலில் அந்தச் சிவப்பு சொட்டுவதைப் பார்த்து மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், இங்கன பாருங்க" என்றார்.

மண்டிப் பானைக்குள் குனிந்திருந்த சுப்பராமன் நிமிரவில்லை. மடியிலிருந்து பொடி டப்பியை எடுத்து, அன்று வாங்கிய பட்டணம் பொடி முழுவதையும் காற்றில் தட்டிவிட்டார். சேலையைப் பிடித்திருந்த குப்பய்யர் தும்மினார், நானும் தும்மினேன். சுப்பராமன் டப்பியை மேல்துண்டால் துடைத்து, மஞ்சள் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரப்பி, மூடியைத் திருகி, இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.