த்ரீ பேஸில் ஓடிய ஓடை

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், பொங்கியண்ணனின் தென்னந்தோப்பைத் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது ஓடையைத்தான். பின்னால் ஆனைமலை நீலமாக நிற்கும். காலையில் மேகம் வரப்பு வரைக்கும் இறங்கி வரும். மயில்கள் கூச்சநாச்சம் இல்லாமல் வாசலில் திரியும். இவ்வளவும் இருந்தாலும் மனுஷனுக்குத் தண்ணீரில் காலை நனைத்தால்தான் ஊர் பார்த்த திருப்தி.

அந்த ஓடை நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்ததுதான். கல்யாணம் முடிந்த கையோடு அவரும் தெய்வாத்தாளும் அதில் குடம் குடமாக மொண்டு ஊற்றித்தான் தென்னம்பிள்ளைகளைப் பிழைக்க வைத்தார்கள். பின்னாளில் வாடல் நோய் வந்து பாதித் தோப்பைக் கொண்டுபோனது. மிச்சத்தைக் காப்பாற்ற, வெளியூர்க்காரர்கள் தங்க இரண்டு அறை கட்டி, 'வருஷம் முழுக்க நீரோடை' என்று இணையத்தில் போட்டார். போட்ட வருஷமே மழை கைவிரித்தது. ஓடை கல்லும் மணலுமாகக் கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் தண்ணீர் இல்லை என்று சொல்லித் தொலைத்திருப்பார்கள். வீடு தேடி வந்தவரிடம் இவருக்கு அது வாயில் வராது. போர்வெல் குழாயை மேட்டுப்பக்கம் இழுத்துப்போய், கற்களுக்கு அடியில் மறைத்து, மோட்டாரைப் போட்டுவிட்டார். த்ரீ பேஸ் கரண்டு வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். அதனால் வருகிறவர்களிடம், "மொதல்ல டிபன் சாப்புடுங்க. ஓடை பத்து மணிக்கு வருமுங்க" என்பார். மலைமேல் ஏதோ மதகைத் திறக்கிறார்கள் போல என்று அவர்களும் நினைத்துக்கொள்வார்கள்.

ஓடைக்குப் போன தண்ணீர் மரத்துக்குப் போகவில்லை. சித்திரை வெயிலில் மட்டைகள் தொங்கின, குரும்பைகள் கொட்டின.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து அனீஸ் தன் மனைவியோடும் மகள் ஹிபாவோடும் வந்திருந்தார். அவர்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெய்வாத்தாள் மோட்டார் ரூம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, நேத்தே குழாய் உட்டு உட்டுத் துப்புச்சுங்க. இருக்கறதை மரத்துக்கு உடுங்க. அவிங்ககிட்ட நான் சொல்லிப்போடறேன்."

"அத்தன தூரத்துலருந்து வந்துருக்கறாங்க தெய்வா. ஒரு மணி நேரந்தான்."

"மரம் செத்துப்போயிருமுங்க."

அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் சுவிட்சைப் போட்டார். வீம்பு இல்லை, வெட்கம்.

தண்ணீர் வந்தது. ஹிபா கூவிக்கொண்டு உள்ளே குதித்தாள். "வெதுவெதுன்னு இருக்கு! இது வெந்நீர் ஊற்றா அங்கிள்?"

ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வரும் தண்ணீர் வேறெப்படி இருக்கும்? "ஆமா கண்ணு" என்றார். பிள்ளை ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துப் பாவி மனசு கொஞ்சம் சந்தோஷப்படவும் செய்தது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழாயில் சேறு வந்தது, பிறகு வெறும் காற்று வந்தது, பிறகு எதுவுமே வரவில்லை. மோட்டார் சத்தம் மாறியதைக் கேட்டு ஓடினார். அதற்குள் தெய்வாத்தாள் நிறுத்தியிருந்தாள். இருந்த ஒரே போர்வெல் அதுதான். இனி மரங்களைக் காப்பாற்ற முடியாது என்று அவருக்குப் புரிந்தது.

அனீஸ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "அருமையான இடங்க! பாப்பாவுக்கு ஒரு இளநீர் கிடைக்குமா? உங்க மரத்துலேருந்தே குடிச்சா அவளுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

பொங்கியண்ணன் அண்ணாந்து பார்த்தார். எந்த மரத்திலும் ஒரு குலை இல்லை. "அந்தப் பக்கம் இருக்குதுங்க, பறிச்சுட்டு வாரேன்" என்று சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு மெயின்ரோட்டுக்குப் போனார். அங்கே இளநீர் விற்கிற கண்ணையா இவர் தோப்பில் காய் வாங்கிப் பிழைத்தவர். இவரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நல்ல காய்களாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். அவர் எதையாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

திரும்பி வந்தவர், பட்டுப்போய்க்கொண்டிருந்த ஒரு மரத்தடியில் நின்றபடி காயைச் சீவி ஹிபாவிடம் நீட்டினார். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடித்துவிட்டு அந்த மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் மரமே" என்றாள்.

பொங்கியண்ணன் அரிவாளைக் கீழே போட்டார். வந்தவர்கள் எதிரில் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், வாய்விட்டு அழுதார்.