கடலுக்குப் போகாத நாட்கள்

1. பகல் ஒரு மணிக்கு, ஜெகதாப்பட்டினத்து நாட்டுப்படகுகளுக்கு காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போகலாமா என்று சொல்லும் என் செயலி “போகலாம்” என்று காட்டியது.
2. இரண்டு மணிக்கு ஒரு படகு புறப்பட்டது. மற்றவை கரையிலேயே நின்றன.
3. மூன்று மணிக்குக் காற்று ஏறியது.
4. மூன்றரைக்குப் படகுக்காரரின் மனைவி, நான் வேலை செய்துகொண்டிருந்த ஐஸ் ஃபேக்டரிக்கே வந்துவிட்டார். கணவரின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை.

“ஒங்க மிஷினு போகலாம்னுச்சுன்னு எறங்கிட்டாரும்மா. இப்ப என்ன சொல்லுது, பாருங்க.”

பார்த்தேன். அப்போதும் “போகலாம்” என்றே இருந்தது.

அந்தச் செயலியில் காற்றுக்கு ஒரே எல்லைக்கோடு கிடையாது. லேசு, சுமார், பலம் என்று ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் படிகள். எந்தக் காற்றில் போய் வந்தோம் என்று படகுக்காரர்கள் எழுதும் கடல் குறிப்பேடுகளிலிருந்து அது அவற்றைக் கற்க வேண்டும். ஆனால் எங்கே மீன் பட்டது என்பதும் அதே நோட்டில் இருப்பதால் யாரும் வெளியாளிடம் காட்ட மாட்டார்கள். அதனால் விசைப்படகுக்காரர்கள் விவரங்களைத் தங்கள் போனில் ஏற்றினார்கள், நாட்டுப்படகுக்காரர்கள் தங்கள் போனில். கணக்கு அங்கங்கேயே நடந்தது. கிடைத்த விதிகளை மட்டும் வாங்கி நான் ஒன்றாக்கினேன். ஒரு நோட்டையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐஸ் ஏற்ற வந்திருந்த விசைப்படகு உரிமையாளர் ஒருவர் சிரித்தார். “ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டரு ஒரு தடவையாச்சும் கடலுக்கு வந்துருக்கா? வாந்தி எடுக்குமே!”

“நீங்க சும்மா இருங்கண்ணே,” என்றார் படகுக்காரரின் மனைவி. “இந்தக் காத்துல ஒங்க போட்டு போயிட்டு வந்துரும். எங்களது வருமா?”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “அக்கா, போன மாசம் இதே மாதிரி அடிச்சப்ப என்ன எழுதுனீங்க?”

“அன்னைக்குத்தான் போகலயே. போகாத நாளைக்கு என்னத்த எழுதுறது?”

இடுப்பிலிருந்த நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். ஆறாம் தேதிக்கு அடுத்து பதினொன்று. நடுவில் எதுவுமில்லை. பலமான காற்றைப் பற்றி என் செயலிக்குச் சொன்னவர்கள், அதில் போய்த் திரும்பிய விசைப்படகுக்காரர்கள் மட்டும்தான். அதனால் நாட்டுப்படகுக்கும் அந்தக் காற்று சரி என்றே அது கற்றிருந்தது.

“தப்பு என்னோடதுக்கா. அவர் போயிருக்கவே கூடாது.”

விசைப்படகுக்காரரின் சிரிப்பு நின்றது. “எந்தப் பக்கம் வலை விடப் போனாரு? சொல்லுத்தா.”

அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு எவரிடமும் சொல்லாத இடத்தைச் சொன்னார். விசைப்படகுக்காரர் வாசலுக்கு ஓடினார்.

ஐந்தே முக்காலுக்கு அவருடைய விசைப்படகு துறைமுகத்துக்குள் வந்தது. பின்னால் கயிற்றில் நாட்டுப்படகு. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது, வலை போய்விட்டது, ஆள் நடந்து இறங்கினார்.

நாட்டுப்படகுகளுக்கான பகுதியை அன்றே மூடினேன். இப்போது அக்கா போகாத நாட்களையும் காரணத்தோடு எழுதுகிறார், இன்னும் நான்கு வீடுகளிலும் எழுதுகிறார்கள். ஒரு பருவம் முழுவதற்குமான குறிப்புகள் சேரும்வரை அந்தப் பகுதியைத் திறப்பதாக இல்லை. அக்காவின் கணவர் அந்தச் செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டார்.